அல்சைமர் மாத்திரைகளோடு மற்ற மருந்துகள் சேரும்போது: வீட்டாருக்கான முழு வழிகாட்டி

கவுந்தப்பாடிப் பக்கம் மருந்துக்கடை வைத்து இருபது வருடம் தாண்டிவிட்டது. போன வருடம் ஒருவர் வந்து நின்றார். "ஆத்தாளுக்கு மறதி மாத்திரை ஆரம்பிச்சு ஆறு மாசம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. இந்தப் பத்து நாளாத்தான் ஆளே மாறிப்போச்சு. ராத்திரி பூரா கட்டுத்தரைக்கும் வாசலுக்கும் நடக்குது. என்னையவே யாருன்னு கேக்குது. நோயி முத்திப்போச்சுங்களா?"

பத்து நாளைக்கு முன்னால் புதிதாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடிக்கடி ஒண்ணுக்குப் போகுதுன்னு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் அரிப்புக்கு அவில்" என்றார். மறதிக்குப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு அந்த இரண்டையும் நிறுத்திய பிறகு, அந்த அம்மாவுக்கு மகனை மறுபடி அடையாளம் தெரிந்தது. நோய் அப்படியேதான் இருந்தது. மேலே ஏற்றி வைத்த பாரம் மட்டும் இறங்கியிருந்தது.

அல்சைமர் என்ற மறதி நோய்க்குச் சேர்த்துத் தரும் டோனெபெசில், மெமான்டின் என்ற இரண்டு மாத்திரைகள் ஒன்றோடொன்று பெரிதாகச் சண்டை போடுவதில்லை. சண்டை பெரும்பாலும் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்து சேரும் மாத்திரையால்தான் வருகிறது. அந்த மூன்றாவது பல நேரம் முதல் மாத்திரையின் பக்கவிளைவுக்காக வாங்கியதாகவே இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்றாவதைப் பற்றித்தான். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. அவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. எல்லாவற்றையும் முறத்தில் கொட்டுங்கள்

வீட்டில் இருக்கும் மாத்திரை, சிரப், சொட்டு மருந்து, லேகியம், தைலம் அத்தனையையும் ஒரு முறத்தில் கொட்டுங்கள். தலையணைக்கடியில், பூஜை அலமாரியில், மேல்சட்டைப் பையில் இருப்பதையும் சேர்த்துத்தான். கண் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கத்து வீடுகளுக்கு மருந்து நாலு வழியில் வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும். மறதிக்குக் கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ நரம்பு மருத்துவர். மூட்டு வலிக்கு உள்ளூர் மருத்துவர். சளி, காய்ச்சல் என்றால் என் போன்ற கடைக்காரரிடம் "ஒரு செட்டு குடுங்க". இந்த நாலு பேரில் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

அட்டையின் மேல் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். மக்கள் மருந்தகத்தில் வாங்கியதும், 2025 பிப்ரவரியில் வந்த முதல்வர் மருந்தகத்தில் வாங்கியதும், தனியார் கடையில் வாங்கியதும் அட்டையில் மூன்று மாதிரியாக இருக்கலாம், உள்ளே ஒரே மருந்தாக இருக்கும். அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. டோனெபெசில், மெமான்டின் இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கிறது. மருத்துவர் தனி டோனெபெசிலிலிருந்து கூட்டு மாத்திரைக்கு மாற்றி எழுதியிருப்பார். வீட்டில் பழைய அட்டை மீதியிருக்கும், வீணாகப் போகிறதே என்று அதையும் கொடுப்பார்கள். டோஸ் இரட்டிப்பாகிவிடும்.

பிறகு ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எந்த வேளை, எதற்காக, யார் கொடுத்தது, எந்தத் தேதியில் தொடங்கியது. கடைசிக் கட்டம்தான் இதில் தங்கம். திடீர்க் குழப்பம் வந்தால் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான். தினசரிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள், எந்த மருத்துவரிடம் போனாலும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

2. எந்த மாத்திரை என்ன வேலை செய்கிறது

கீழ்பவானி வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மூளையில் நினைவுக்கு வேண்டிய அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்சைமரில் வாய்க்காலில் வரும் தண்ணீரே குறைந்துவிடுகிறது. அந்தக் கொஞ்சத்தையும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி வடிகால் மாதிரி வெளியேற்றிக்கொண்டே இருக்கும். டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கேலன்டமைன் மூன்றும் அந்த வடிகாலை அடைக்கின்றன. வரத்து கூடுவதில்லை, வந்தது கொஞ்ச நேரம் வயலில் நிற்கிறது, அவ்வளவுதான். மெமான்டின் வேறு வகை. குளுட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருளின் அதிகப்படியான தூண்டலைத் தடுக்கிறது.

அமெரிக்காவில் டோனெபெசிலுக்கு 1996இலும், ரிவாஸ்டிக்மைனுக்கு 2000இலும், கேலன்டமைனுக்கு 2001இலும், மெமான்டினுக்கு 2003இலும் அனுமதி கிடைத்தது. இவற்றில் எதுவும் நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவையும் அன்றாட வேலையையும் தாங்கிப்பிடிக்கும்.

ஒன்று போதாதா, இரண்டு ஏன் என்று கேட்பவர்கள் நிறைய. வேலை செய்யும் வழி வேறு வேறு என்பதால் நடுத்தர, முற்றிய நிலையில் டோனெபெசிலோடு மெமான்டினைச் சேர்க்கிறார்கள். 2004இல் வெளியான, 404 பேரை 24 வாரம் கவனித்த ஆய்வில், டோனெபெசில் மட்டும் எடுத்தவர்களைவிட மெமான்டினும் சேர்த்து எடுத்தவர்கள் சற்று மேலாக இருந்தார்கள். பக்கவிளைவால் பாதியில் விட்டவர்களும் சேர்த்து எடுத்தவர்களில்தான் குறைவு. ஆனால் 2012இல் இங்கிலாந்தில் 295 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டில் ஒன்றைக் கொடுத்தாலே பலன் தெரிந்தது, இரண்டையும் சேர்த்ததில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் ஆபத்தில்லாதது, பலன் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். "சேர்த்ததில் என்ன முன்னேற்றம் தெரிகிறது?" என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சேர்க்கவே கூடாத ஜோடி ஒன்று உண்டு. டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கேலன்டமைன் மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை. இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். மாத்திரை டோனெபெசிலாகவும் முதுகில் ஒட்டியிருப்பது ரிவாஸ்டிக்மைன் பட்டையாகவும் இருந்தால், ஏதோ ஒரு சீட்டை யாரோ மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கேளுங்கள்.

3. தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

நாடித் துடிப்பு, ஈசிஜி, எடை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவு. இவற்றோடு ஆஸ்துமா, வயிற்றுப்புண், வலிப்பு, புராஸ்டேட் தொல்லை, எப்போதாவது மயங்கி விழுந்தது இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். வடிகாலை அடைக்கும் மருந்துகள் இதயத் துடிப்பை மெதுவாக்கும், வயிற்றில் அமிலத்தைக் கூட்டும், மூச்சுக்குழாயைச் சுருக்கும்.

கிரியேட்டினின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெமான்டின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். லேப் தாளில் 1.4 என்று இருந்தால் "லேசாத்தான் கூட இருக்குது" என்று மடித்து வைத்துவிடுகிறோம். வயதானவர்களுக்குச் சதை வற்றிப்போயிருப்பதால் இந்த எண் ஏமாற்றும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 140லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72ஐ கிரியேட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். 78 வயது, 42 கிலோ, கிரியேட்டினின் 1.4 உள்ள பாட்டிக்கு ஏறத்தாழ 22 வருகிறது. 30க்குக் கீழே என்றால் சிறுநீரகம் கடுமையாகத் தளர்ந்த கணக்கு. அந்த நிலையில் சாதாரண மெமான்டின் மாத்திரைக்கு மேல் எல்லை வேளைக்கு 5 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை. வழக்கமான 20 மி.கி.யில் பாதி. இந்தக் கணக்கை வைத்து நீங்களே டோஸை மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் "சிறுநீரகக் கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் போதும்.

4. ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் மெதுவாக

இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி வாந்தி வந்தால், எது காரணம் என்று எப்படித் தெரியும்? டோனெபெசில் என்றால் 5 மி.கி.யில் தொடங்கி, நாலு முதல் ஆறு வாரம் தாங்கிய பிறகே 10. மெமான்டின் 5 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கு 5 என்று ஏற்றி 20 வரை. இதில் கூட்டு மாத்திரைக்கு ஒரு குறை உண்டு. ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்க முடியாது. இரண்டும் தனித்தனியாகக் கொடுத்து ஒத்துப்போன பிறகு கூட்டு மாத்திரைக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து. விழுங்க மறுக்கும் ஆளுக்கு ஒரு மாத்திரை குறைவது பெரிய நிம்மதி என்பதையும் மறுக்கவில்லை.

டோனெபெசில், மெமான்டின் இரண்டும் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அதனால் ஒருநாள் விட்டுப்போனால் ஒன்றும் குடி முழுகாது, அடுத்த நாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பக்கவிளைவுக்காக மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் தொல்லை மறுநாளே போய்விடாது, முழுதாக இறங்க இரண்டு வாரம் ஆகலாம். ரிவாஸ்டிக்மைன் வேறு மாதிரி. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸிலிருந்து தொடரக் கூடாது, மருத்துவரைக் கேட்டு மிகக் குறைந்த டோஸிலிருந்து மறுபடி ஏற வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்குப் போன இடத்தில் நாலு நாள் மறந்துவிட்டு, வந்ததும் பழையபடி கொடுத்து, கடும் வாந்தியில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

5. பொறுத்துக்கொள்ளக் கூடியது, கூடாதது

முதல் இரண்டு மூன்று வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை வரலாம். பெரும்பாலும் தானே அடங்கும். ரிவாஸ்டிக்மைன் கேப்சூலை வெறும் வயிற்றில் தரவே கூடாது. காலையும் இரவும் சாப்பாட்டோடுதான். நாலு வாய் அரிசிம்பருப்புச் சாதமாவது உள்ளே போன பிறகு கொடுங்கள். இரவில் டோனெபெசில் கொடுத்து, கெட்ட கனவு கண்டு அலறினால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும், தூக்க மாத்திரை தேவைப்படாது. மெமான்டினால் தலைசுற்றல், தலைவலி, மலச்சிக்கல், சிலருக்கு மந்தம் வரும்.

இங்கேதான் மூன்றாவது மாத்திரை நுழைகிறது. வாந்தி என்று கடைக்கு வருவார்கள். மெட்டோகுளோப்ரமைடு கொடுத்தால் கைகால் விறைப்பும் நடுக்கமும் வரலாம். டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான் இரண்டும் டோனெபெசிலோடு சேர்ந்தால் இதயத்தின் மின்னோட்டத்தில், ஈசிஜியில் க்யூடி என்று சொல்லும் இடைவெளியை, நீட்டிவிடக் கூடும். வாந்திக்கு முதல் மருந்து டோஸைக் குறைப்பதுதான். அதை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

பொறுக்கக் கூடாதவை: மயங்கி விழுதல், கருப்பாக மலம் போதல், வலிப்பு, மூச்சிளைப்பு. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும், எடை குறைதல். ரேஷன் கடைத் தராசு மாதிரி ஒன்றும் வேண்டாம், வீட்டில் சாதாரண எடைக்கருவி இருந்தால் போதும். மாதம் ஒருமுறை ஒரே மாதிரி உடையோடு நிறுத்தி எழுதுங்கள். ஜாக்கெட் தொளதொளக்கும் வரை காத்திருந்தால் ஐந்தாறு கிலோ போயிருக்கும்.

6. வாய்மடையை அடைக்கும் மருந்துகள்

வாய்க்கால் கதைக்குத் திரும்புவோம். தண்ணீர் வயலில் நிற்கட்டும் என்று வடிகாலை அடைத்தோம். அதே நேரத்தில் இன்னொருவர் வந்து வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாய்மடையை அடைத்தால்? அதைத்தான் ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள் செய்கின்றன. அசெட்டைல்கோலின் போய் உட்கார வேண்டிய இடத்தை மறித்துக்கொள்கின்றன. டோனெபெசிலுக்குக் கொடுத்த காசும் போச்சு, மறதியும் கூடிப்போச்சு. வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, கண் மங்கல், குழப்பம் எல்லாம் கூடவே வரும்.

இவை எவை என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள், எல்லாம் நம் வீட்டில் புழங்குபவை. அரிப்புக்கும் பூச்சிக்கடிக்கும் வாங்கும் அவில், அதாவது பெனிரமின். சளி செட்டில் இருக்கும் குளோர்பெனிரமின். தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்பில் டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின். வயிற்று வலிக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எழுதும் அமிட்ரிப்டிலின். அடிக்கடி சிறுநீர் போவதற்கு எழுதும் ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின்.

கடைசியில் சொன்னதுதான் மோசமான கண்ணி. டோனெபெசிலே சிறுநீர் அவசரத்தைக் கூட்டக் கூடியது. அது தெரியாமல் வேட்டி நனைகிறதென்று வேறொரு மருத்துவரிடம் போனால் அவர் சிறுநீரைக் கட்டுப்படுத்த எழுதுவார். அதனால் குழப்பம் கூடும். நோய் முற்றிவிட்டது என்று டோனெபெசிலைக் கூட்டுவார்கள். சிறுநீர் அவசரம் இன்னும் கூடும். மருத்துவ உலகில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, பக்கவிளைவை நோய் என்று நினைத்து அதற்கு மேல் மருந்து எழுதும் சங்கிலி என்று. நான் முதலில் சொன்ன ஆத்தா கதை இதுதான். அந்த அவில் என் கடையிலேயே வாங்கியது, வயதானவர் யாருக்காவதா என்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்காமல் கொடுப்பதில்லை.

மாற்று என்ன? அரிப்புக்கு லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி தூக்கம் கொடுக்காதவற்றை மருத்துவரிடம் கேட்கலாம். வறண்ட தோலாக இருந்தால் தேங்காய் எண்ணெயே பாதி வேலையை முடிக்கும். சிறுநீருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப் போய் உட்காரவைப்பது, பொழுது சாய்ந்த பிறகு காப்பியைக் குறைப்பது. மாத்திரைதான் வேண்டும் என்றால் வாய்மடையை அடைக்காத வகை இருக்கிறதா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

7. நாடியைப் பிடித்துப் பாருங்கள்

பிபிக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனோலால், மெட்டோபுரோலால், டில்டியசெம், வெராபமில், டிகாக்சின். இவற்றில் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் டோனெபெசில் வகை சேரும்போது இதயத் துடிப்பு இன்னும் மெதுவாகக் கூடும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இந்தக் கூட்டத்தில்தான். கண்ணில் விட்டது மூக்கு வழியாக ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் முறத்தில் சொட்டு மருந்தையும் கொட்டச் சொன்னேன். சொட்டு விட்ட பிறகு கண்ணின் மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே போவது குறையும்.

மணிக்கட்டில் விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி வேண்டாம். 60க்குக் கீழே இருந்தால் எழுதிவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். 50க்குக் கீழே போனால் அடுத்த மாத்திரை கொடுக்கும் முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டி விழுந்தால் "வயசாச்சு, தடுமாறி விழுந்துட்டாரு" என்று விட்டுவிடாதீர்கள். ஈசிஜி எடுக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் துடிப்பு குறைந்து விழுந்தவர்களோ.

8. டோனெபெசிலை ஏற்றுபவை, இறக்குபவை

ஈரலில் டோனெபெசிலைக் கரைக்கும் வேலையைச் சில மருந்துகள் தடுக்கும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், பூஞ்சைக்குத் தரும் கீட்டோகோனசோல் சேர்ந்தால் டோனெபெசில் உடம்பில் ஏறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபினிட்டாயின் சேர்ந்தால் இறங்கும். அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளில் நான் மேலே சொன்ன க்யூடி தொல்லை உண்டு. வேண்டாம் என்று பொருளில்லை, எழுதுபவருக்கு டோனெபெசில் ஓடுவது தெரிந்திருக்க வேண்டும்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக், இபுபுரோஃபென் என்று தினமும் விழுங்குபவர்கள் நம் பக்கம் ஏராளம். வயிற்று அமிலம் ஏற்கெனவே கூடியிருக்கும்போது இவை புண்ணாக்கி ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். முதலில் பாரசிட்டமால், ஒத்தடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மருத்துவர்.

9. மெமான்டினுக்கு ஆகாதவை

இதைப் பலர் சொல்வதே இல்லை. சிறுநீர் காரத்தன்மையாக மாறினால் மெமான்டின் வெளியேறுவது மிகவும் குறைந்துவிடும். காரநிலை (லேப் தாளில் pH) 8 அளவுக்குப் போனால் வெளியேற்றம் ஏறத்தாழ 80 சதவீதம் குறையும். தினமும் வயிற்றுப் பொருமலுக்குச் சோடா உப்போ ஈனோவோ கலக்கிக் குடிக்கும் பழக்கம், நீர்க்கடுப்புக்கு வாங்கும் சிட்ரேட் சிரப், கண் அழுத்தத்துக்கான அசிட்டசோலமைடு மாத்திரை எல்லாம் சிறுநீரைக் காரமாக்கும். எப்போதோ ஒருநாள் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் மெமான்டின் தேங்கி, தலைசுற்றலும் குழப்பமும் வரும். கடுமையான சிறுநீர்த் தொற்றும் இதே வேலையைச் செய்யலாம். அந்தத் தொற்றே தனியாகவும் வயதானவரைக் குழப்பும். ஆகவே திடீர்க் குழப்பம் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை முதல் வேலை.

வறட்டு இருமலுக்கான சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருந்தால் வேண்டாம். அதுவும், பார்கின்சனுக்குத் தரும் அமான்டடினும், மயக்க மருந்தான கீட்டமினும் மெமான்டின் வேலை செய்யும் இடத்திலேயே வேலை செய்பவை.

10. ஆவேசமும் தூக்கமின்மையும்

பொழுது சாயும் நேரத்தில் ஆவேசம் வருவது இந்த நோயில் சகஜம். வீட்டார் ஓய்ந்துபோய், தூங்கினால் போதும் என்று மருந்து கேட்கும் இடம் இது. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், க்வெட்டியபின் போன்றவற்றுக்கு மறதி நோயாளிகளில் மரண ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இல் உச்ச எச்சரிக்கை கொடுத்தது. பத்து வார ஆய்வுகளில் இவற்றை எடுத்தவர்களில் சுமார் 4.5 சதவீதமும், எடுக்காதவர்களில் 2.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் எச்சரிக்கை நீண்டது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் குறைந்த டோஸில், குறைந்த நாளுக்கு, எப்போது நிறுத்துவது என்று தொடங்கும்போதே பேசிவைத்துக் கொடுக்க வேண்டியவை இவை.

ஹாலோபெரிடாலால் விறைப்பு வந்து, அந்த விறைப்புக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் எழுதினால், அது வாய்மடையை அடைக்கும் கூட்டத்தில் முக்கியமான ஆள். சங்கிலி மறுபடி தொடங்கிவிடும். அல்பிரசோலம், குளோனசெபம், சோல்பிடெம் போன்றவை விழவைக்கும், மறதியைக் கூட்டும். பல வருடமாக எடுத்தவருக்குத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மாத்திரைக்கு முன் வலி, மலச்சிக்கல், தாகம், சிறுநீர்த் தொற்று நாலையும் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆள் கத்தித்தான் சொல்வார்.

11. முதுகில் ஒட்டும் பட்டை

ரிவாஸ்டிக்மைன் பட்டை வயிற்றுக்கு மாத்திரையைவிட இதமானது. ஆனால் பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டி, ஒரே ஆள் மேல் இரண்டு மூன்று பட்டை இருந்து இறந்தவர்கள் உண்டு. காலையில் முதலில் பழையதைத் தேடி எடுத்து, ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து எறிந்துவிட்டு, கை கழுவிய பிறகே புதியது. பட்டை மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். அவர் கைக்கு எட்டாத மேல்முதுகு நல்ல இடம். அதே இடத்தில் 14 நாளுக்கு மறுபடி ஒட்டக் கூடாது.

எண்ணெய் தேய்த்த தோலில் பட்டை நிற்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நடக்கும் வீடுகளில், குளித்துத் துவட்டி, சீயக்காய் போட்டு எண்ணெய் முழுதும் போன பிறகுதான் ஒட்ட வேண்டும். தைலம், பவுடர் பூசிய இடமும் கூடாது. பட்டை மேல் சுடுதண்ணீர் ஒத்தடமோ சித்திரை வெயிலோ நேராகப் பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகலாம்.

12. தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு

பூச்சி மருந்து புழங்கும் இடம் என்பதால் இந்தப் பகுதியைத் தனியாக எழுதுகிறேன். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சி மருந்துகள் தடுப்பதும் அதே கோலினெஸ்டரேஸ் நொதியைத்தான். ரிவாஸ்டிக்மைனே வேதியியலில் கார்பமேட் குடும்பம். அளவும் வீரியமும் வேறு, அவ்வளவுதான். அதனால் மஞ்சளுக்கோ காய்கறிக்கோ மருந்தடிக்கும் நாளில் இவர்களைக் காட்டுப் பக்கம் விடாதீர்கள், காற்று வீசும் திசையில் உட்காரவைக்காதீர்கள். மருந்து டப்பாவைப் பூட்டிவையுங்கள். மறதி உள்ளவருக்கு அதுவும் ஒரு சிரப் பாட்டில்தான்.

டோனெபெசில் அளவுக்கு மேல் போனாலும் பூச்சி மருந்து விஷம் மாதிரியேதான் தெரியும்: எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், வாந்தி, நாடி குறையும், தசை தளரும். முறிமருந்தும் அதே அட்ரோபின்தான். 108ஐக் கூப்பிடும்போது "மறதி மாத்திரை சாப்பிடுபவர்" என்று சொல்லி, காலி அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். பூச்சி மருந்தா மாத்திரையா என்று மருத்துவர் பிரித்துப் பார்க்க அது உதவும்.

நாட்டு மருந்தில் ஊமத்தை சேர்ந்த எதுவும் வேண்டாம். இளைப்புக்கு ஊமத்தை இலைப் புகை பிடிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமைன் இருக்கின்றன, வாய்மடையை அடைப்பதில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. நீர்ப்பிரம்மி, வல்லாரை மாத்திரைகளைத் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். துவையலுக்கு அரைக்கும் வல்லாரைக் கீரையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு, ஞாபகசக்திக்கு என்று விற்கும் ஜிங்கோ மூலிகை மாத்திரை கூடாது, ரத்தக் கசிவு கூடும்.

13. அறுவை சிகிச்சை, புது ஊசிகள், நிறுத்துவது

எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் மயக்க மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். டோனெபெசில் வகை மருந்துகள் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியின் வேலையை நீட்டிவிடும். கண்புரைக்கு என்றாலும் சொல்லுங்கள், கண்பாப்பாவை விரிக்கும் சில சொட்டு மருந்துகளே வயதானவர்களைக் குழப்பும்.

அல்சைமருக்கான லெகானெமாப், டொனானெமாப் என்ற புது ஊசிகளுக்கு அமெரிக்காவில் 2023, 2024இல் முழு அனுமதி கிடைத்தது. தொடக்க நிலைக்கு மட்டும். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரக்கூடியவை. அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும். வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு என்னிடம் விசாரிப்பவர்களுக்கு முதலில் முறத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறேன்.

நோய் மிக முற்றி, விழுங்க முடியாமல், பலனும் தெரியாமல் போகும் கட்டத்தில் மாத்திரைகளை நிறுத்துவதும் சிகிச்சைதான். திடீரென்று வேண்டாம். மருத்துவர் சொல்படி நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒரு படி இறக்கி, ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் சட்டென்று மோசமானால் மறுபடி தொடங்குவது பற்றிக் கேளுங்கள்.

பக்கவிளைவு ஏதாவது நடந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே சொல்லலாம். அந்த எண்ணைக் காலண்டருக்குப் பின்னால் இருக்கும் தாளின் அடியில் எழுதிவையுங்கள். மறுபடி கடைக்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வாங்க, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவில் கொடுப்பேன்.